மழையைத் துடைத்த மாதரசி

ஐப்பசி மாதம். விடாத மழை.

அப்படி ஒரு நாளில் புதுச்சேரி முதலியார்பேட்டையில், மரப்பாலம் சந்திப்பில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கடலூர் சாலையில் பஸ்ஸும் லாரியும் காரும் நெருக்கியடித்துக்கொண்டு வரும். ஒவ்வொரு வண்டியின் முன் கண்ணாடியிலும் வைப்பர் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருக்கும். 2024 நவம்பர் 30-ந் தேதி கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டிய ஊர் இது. இங்கே வைப்பர் இல்லாத வண்டி, கண் இல்லாத மனிதனைப் போன்றதுதான்.

அந்த வண்டிகளில் ஏதாவது ஒரு கார் தகராறு செய்யும். வைப்பர் ஓடும். ஆனால் சுவிட்சை நிறுத்தினால், ஒழுங்காகக் கீழே போய்ப் படுக்காது. கண்ணாடியின் நடுவில், டிரைவரின் கண்ணுக்கு நேராக, கம்பு நட்டதைப் போல நின்றுவிடும். டிரைவர் தலையை இடப்பக்கம் சாய்ப்பார், வலப்பக்கம் சாய்ப்பார். கடைசியில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, அதைக் கீழே தள்ளப் பார்ப்பார். சட்டைக் கை நனைந்துவிடும். பின்னால் இருப்பவர்கள் ஆரன் அடிப்பார்கள்.

பாவம், அந்த டிரைவர்! இதே போல ஒரு வண்டியோட்டி கண்ணாடியோடு மல்லுக்கட்டியதைப் பார்த்துத்தான் வைப்பர் என்ற பொருளே பிறந்தது என்பது அவருக்குத் தெரியாது. அது நடந்தது அமெரிக்காவில், 120 ஆண்டுகளுக்கு முன்பு. அதைப் பார்த்து மனம் இரங்கி, வழி கண்டுபிடித்தவர் ஒரு பெண்.

அவர் பெயர் மேரி ஆண்டர்சன்.

பண்ணையில் பிறந்தவர்

அமெரிக்காவின் தென் பகுதியில் அலபாமா என்று ஒரு மாநிலம். பருத்தி விளையும் பூமி. அங்கே கிரீன் என்னும் வட்டாரத்தில், பர்ட்டன் ஹில் என்ற பண்ணையில், 1866-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி மேரி பிறந்தார். தந்தை பெயர் ஜான். தாய் பெயர் ரெபேக்கா.

அது பொல்லாத காலம். அமெரிக்காவின் வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் 4 ஆண்டுகள் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போர் 1865-ல்தான் முடிந்திருந்தது. தெற்கு தோற்றது. அடிமை முறை ஒழிந்தது. அடிமைகளின் உழைப்பிலே செழித்த பண்ணைகள் எல்லாம் ஆட்டம் கண்டன.

மேரிக்கு 4 வயது ஆனபோது, 1870-ல், தந்தை இறந்துவிட்டார். தாய், மேரி, சகோதரி பேனி ஆகிய மூவர்தான் மிச்சம். தந்தை விட்டுச்சென்ற சொத்தின் வருமானத்தில் குடும்பம் நடந்தது. ஆண் துணை இல்லாத வீடு. ஆனால் அந்த வீட்டுப் பெண்கள் மூலையில் உட்கார்ந்து அழவில்லை.

1889-ல் மூவரும் மூட்டை கட்டிக்கொண்டு பர்மிங்காம் நகருக்குக் குடிபெயர்ந்தார்கள். (இங்கிலாந்தில் இருக்கும் பர்மிங்காம் அல்ல, அலபாமாவில் உள்ள பர்மிங்காம்.) இரும்பும் நிலக்கரியும் கிடைத்த இடம். இரும்பு உருக்கும் ஆலைகளால் நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டிருந்த நகரம். வேலை தேடி வருகிறவர்களுக்குக் குடியிருக்க வீடு வேண்டும் அல்லவா? மேரி அதைக் கண்டுகொண்டார். ஹைலண்டு அவென்யூ என்ற சாலையில் ஓர் அடுக்குமாடி வீடு கட்டி, வாடகைக்கு விட்டார். அதற்குப் பேர்மாண்ட் என்று பெயர். அப்போது அவருக்கு 23, 24 வயதுதான் இருக்கும்.

அதோடும் சும்மா இருக்கவில்லை. 1893-ல் தன்னந்தனியாக மேற்குக் கடற்கரைப் பக்கம் போனார். கலிபோர்னியாவில் பிரெஸ்னோ என்ற ஊர். பர்மிங்காமிலிருந்து ஏறத்தாழ 3 ஆயிரம் கிலோமீட்டர். அங்கே மாட்டுப் பண்ணையும் திராட்சைத் தோட்டமும் நடத்தினார். 1898 வரை அங்கேதான் இருந்தார்.

அத்தையின் பெட்டிகள்

திரும்பி வரக் காரணம், நோய்வாய்ப்பட்ட ஓர் அத்தை. அவரைக் கவனிக்க வேண்டிய பொறுப்பு மேரி மீது விழுந்தது.

அந்த அத்தை வரும்போது பெரிய பெரிய பெட்டிகளைக் கொண்டு வந்தார். யாரையும் தொட விடமாட்டார். பழந்துணிகள் இருக்கும் என்றுதான் வீட்டில் நினைத்திருப்பார்கள். அத்தை இறந்த பிறகு பெட்டிகளைத் திறந்தார்கள். உள்ளே இருந்தவை தங்கமும் நகைகளும்!

நம்மூர்க் கதைகளில் வருவதைப் போல இருக்கிறது அல்லவா? ஆனால் மேரியின் குடும்பத்தில் இப்படித்தான் நடந்தது என்று அவருடைய ஊர்க்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் பிறகு குடும்பத்துக்குப் பணக் கவலை இல்லை. மேரி நியூயார்க் நகரைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார்.

கொட்டும் பனியில் ஒரு டிராம்

1902-ம் ஆண்டு முடிந்து 1903 பிறந்த குளிர்காலம் அது. நியூயார்க்கில் மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. நம் பக்கத்து மழை கண்ணாடியில் விழுந்தால் வழிந்து போய்விடும். அந்தப் பனிமழை அப்படி அல்ல. விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு உறைந்துவிடும். சிறிது நேரத்தில் கண்ணாடி சுண்ணாம்பு அடித்த சுவர் ஆகிவிடும்.

மேரி ஒரு டிராம் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார். (தண்டவாளத்தில் மின்சாரத்தால் ஓடும் வண்டி. நம் சென்னையிலும் 1895 முதல் 1953 வரை டிராம் ஓடியது.) வண்டியின் முன்பக்கம் இரண்டு மடிப்புக் கண்ணாடி. பனி மூடியதும் டிரைவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் கண்ணாடியைத் திறந்துவிட்டார். பாதை தெரிந்தது. ஆனால் குளிர்காற்றும் பனியும் அவர் முகத்தில் அறைந்தன. அதை வாங்கிக்கொண்டே வண்டியை ஓட்டினார்.

அந்தக் காலத்தில் இது புதுமை இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கிப் போய்க் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, மறுபடி ஏறி ஓட்டுவதும் உண்டு. சிறிது தூரம் போவதற்குள் மீண்டும் பனி மூடிவிடும். மீண்டும் இறங்க வேண்டும். வண்டி தாமதம் ஆகும். பயணிகள் முணுமுணுப்பார்கள். ஆனாலும் யாரும் இதை ஒரு குறையாக நினைக்கவில்லை. குளிர்காலம் என்றால் இப்படித்தான் என்று எல்லாரும் இருந்தார்கள்.

அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பழகிப்போன காட்சி. மேரியோ வெயில் அடிக்கும் தெற்கிலிருந்து வந்தவர். அதனால்தான் அவர் கண்ணில் பட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. உள்ளே உட்கார்ந்தபடியே வெளிக் கண்ணாடியைத் துடைக்க ஒரு வழி இருக்கக் கூடாதா என்று அவர் யோசித்தார்.

மேரி இயந்திரப் படிப்புப் படித்தவர் அல்லர். அவரிடம் மோட்டார் வண்டியும் இல்லை. ஊர் திரும்பியதும், தம் யோசனையைப் படமாக வரையச் செய்தார். உள்ளூரில் ஒரு கம்பெனியிடம் கொடுத்து மாதிரி ஒன்றும் செய்து வாங்கினார்.

முதல் வைப்பர்

அது எப்படி இருந்தது தெரியுமா?

வண்டிக்கு உள்ளே, டிரைவரின் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு கைப்பிடி. கண்ணாடிக்கு வெளியே ஒரு கரம். கரத்தில் ரப்பர் பட்டை. கைப்பிடியை அசைத்தால், வெளியே உள்ள கரம் கண்ணாடியின் மேல் வளைந்து ஓடி, பனியையும் நீரையும் வழித்துத் தள்ளும். ரப்பர் கண்ணாடியை விட்டு விலகாமல் இருக்க ஓர் எதிர் எடை. கரம் துடைத்து முடித்ததும் அதைப் புறப்பட்ட இடத்துக்கே இழுத்து வர ஒரு ஸ்பிரிங்.

இந்தக் கடைசிச் சங்கதியைக் கவனியுங்கள். துடைப்பது பாதி வேலை. துடைத்த பிறகு வழியை விட்டு விலகி நிற்பது மறு பாதி. நடுவில் நின்றால், மழையை மறைத்ததற்குப் பதில் வைப்பரே பாதையை மறைக்கும். மேரி இந்த இரண்டையும் சேர்த்தே யோசித்திருந்தார். அது மட்டும் அல்ல. குளிர்காலம் போனதும் அதைக் கழற்றி வைத்துவிடலாம். நல்ல வெயில் நாளில் வண்டியின் அழகு கெடாது. வீட்டை நிர்வாகம் செய்து பழகியவரின் யோசனை அல்லவா!

1903-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி பேட்டண்டு உரிமை கேட்டு மனுச் செய்தார். பேட்டண்டு என்பது, ஒருவர் கண்டுபிடித்த பொருளை அவர் அனுமதி இல்லாமல் பிறர் செய்யக் கூடாது என்று அரசாங்கம் கொடுக்கும் பத்திரம். அதே ஆண்டு நவம்பர் 10-ந் தேதி உரிமை கிடைத்தது. எண் 743801. காலம் 17 ஆண்டுகள். ரைட் சகோதரர்கள் ஆகாய விமானத்தைப் பறக்க விட்டது அதற்குப் பிறகு 5 வாரம் கழித்துத்தான்.

மேரிக்கு அப்போது வயது 37.

வேண்டாம் என்றார்கள்

பத்திரம் கிடைத்தது. பணம் கிடைத்ததா? இல்லை.

1905-ல், கனடாவில் இருந்த பெயர் பெற்ற ஒரு கம்பெனியின் மூலம் உரிமையை விற்க மேரி முயன்றார். அவர்கள் பதில் எழுதினார்கள். இதை விற்பதற்கு நாங்கள் மெனக்கெடும் அளவுக்கு வியாபார மதிப்பு இதில் இல்லை என்பதே பதிலின் சாரம். கண்ணுக்கு முன்னால் ஒரு கரம் ஆடினால் டிரைவரின் கவனம் சிதறும் என்று சொன்னவர்களும் அக்காலத்தில் உண்டாம்.

இன்று நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் அந்தக் கம்பெனிக்காரர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. 1900-ல் அமெரிக்கா முழுவதிலும் சுமார் 8 ஆயிரம் கார்கள்தான் இருந்தன. அவையும் மெதுவாக ஓடின. பலவற்றுக்கு முன் கண்ணாடியே கிடையாது. இன்றைய சந்தையைப் பார்த்துக் கணக்குப் போட்டார்கள். நாளைய சாலை அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

நாளைய சாலை வேகமாக வந்தது. 1908-ல் போர்டு கம்பெனி மாடல் டி என்ற காரை விற்கத் தொடங்கியது. நடுத்தர மக்களும் கார் வாங்கினார்கள். 1920-ல் அமெரிக்காவில் சுமார் 80 லட்சம் கார்கள் ஓடின! 8 ஆயிரம் எங்கே, 80 லட்சம் எங்கே! காரோடு கண்ணாடியும் வந்தது; மழையில் விபத்தும் வந்தது. 1917-ல் பபலோ நகரில் ஜான் ஆயிஷை என்பவர் மழை இரவில் கார் ஓட்டிச் சென்றார். வழி தெரியாமல் சைக்கிளில் வந்த ஒருவர் மீது மோதிவிட்டார். அந்த அதிர்ச்சியில் வைப்பர் வியாபாரத்தில் இறங்கினார். பிற்பாடு உலகப் புகழ் பெற்ற டிரைகோ கம்பெனி அவருடையதுதான். அதே காலத்தில் ஷார்லட் பிரிட்ஜ்வுட் என்ற இன்னொரு பெண்மணி, மின்சாரத்தால் ஓடும் வைப்பருக்குப் பேட்டண்டு வாங்கினார். அவருக்கும் பணம் கிடைக்கவில்லை.

மேரியின் பத்திரம் பெட்டிக்குள் இருந்தது. 1920 நவம்பரில் அதன் 17 ஆண்டுகள் முடிந்தன. அதற்கு 3 மாதம் முன்புதான் அமெரிக்கா முழுவதிலும் பெண்களுக்கு ஓட்டு உரிமை கொடுக்கும் சட்டத் திருத்தம் வந்திருந்தது. ஓட்டு வந்த ஆண்டில் உரிமை போயிற்று.

2 ஆண்டுகள் கழிந்தன. 1922-ல் காடிலாக் கம்பெனி, தான் விற்கும் கார்களில் வைப்பரையும் சேர்த்தே பொருத்திக் கொடுக்க ஆரம்பித்தது. அதன் பின் மற்றக் கம்பெனிகளும் செய்தன. மேரிக்கு ஒரு காசும் வரவில்லை. சட்டப்படி அவர் கேட்கவும் முடியாது.

பிற்காலத்தில், விட்டுவிட்டு ஓடும் வைப்பரைக் கண்டுபிடித்த ராபர்ட் கியர்ன்ஸ் என்பவர், பெரிய கார்க் கம்பெனிகள் மீது வழக்குப் போட்டு, ஆண்டுக்கணக்கில் போராடி, கோடிக்கணக்கில் பணம் வாங்கினார். அந்தப் போராட்டத்தில் அவருடைய குடும்ப வாழ்வு உடைந்தது. மேரி வழக்குக்குப் போகவில்லை. பர்மிங்காமில் தம் அடுக்குமாடி வீட்டை நிர்வாகம் செய்துகொண்டு, வாடகை வாங்கிக்கொண்டு, தம் பாட்டில் இருந்தார். மணம் செய்துகொள்ளவில்லை.

நடுவில் நிற்பது ஏன்?

மேரியின் வைப்பரை ஆட்டியது டிரைவரின் கை. கை நின்றால் ஸ்பிரிங் அதை இடத்துக்குக் கொண்டு போய்விடும். பிறகு வந்த வைப்பர்களில் சில, என்ஜின் காற்றை உறிஞ்சும் சக்தியால் ஓடின. மேட்டில் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அந்தச் சக்தி குறைந்து, வைப்பர் சோம்பேறி ஆகிவிடும்! அதன் பிறகு மின்சார மோட்டார் நிலைத்தது. ஆனால் மோட்டாருக்குக் கண் ஏது? சுவிட்சை நிறுத்திய நொடியில் வைப்பர் எங்கே இருக்கிறதோ அங்கேயே நின்றுவிடுமே?

அதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். மோட்டாருக்குள் ஒரு பல்சக்கரம் உண்டு. அதில் ஒரு பித்தளைத் தகடு. தகட்டில் ஓர் இடத்தில் மட்டும் இடைவெளி. தகட்டின் மேல் ஒரு முள் உரசிக்கொண்டிருக்கும். டிரைவர் சுவிட்சை நிறுத்தினாலும், இந்த முள் வழியாகத் தனியே கரண்ட் வந்துகொண்டே இருக்கும். மோட்டார் ஓடும். இடைவெளி வந்ததும் கரண்ட் அறுந்து மோட்டார் நிற்கும். அந்த நேரத்தில் வைப்பர் கண்ணாடியின் அடியில் இருக்கும்படி கணக்குப் பண்ணியிருப்பார்கள். மேரியின் ஸ்பிரிங் செய்த வேலையை இந்தச் சின்ன இடைவெளி செய்கிறது.

இப்போது முதலியார்பேட்டைக் காருக்கு வருவோம்.

வைப்பர் ஓடும்போதே கார்ச் சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டால், அது பாதியில்தான் நிற்கும். அது கோளாறு அல்ல. முதலில் வைப்பர் சுவிட்சை நிறுத்தி, அது படுத்த பிறகு சாவியைத் திருப்ப வேண்டும்.

சுவிட்சை நிறுத்திய இடத்திலேயே, தினம் ஒரு இடமாக நின்றால், உள்ளே இருக்கும் முள்ளோ தகடோ அழுக்கேறி, அல்லது கருகி இருக்கலாம். அந்தத் தனிக் கரண்ட் வரும் ஒயரோ, பியூஸோ, எர்த்தோ போயிருக்கலாம். கடற்கரை ஊரில் உப்புக்காற்று. இணைப்புகளில் பச்சைப் பாசம் பிடிப்பது சகஜம். கார் எலக்ட்ரீசியன் ஒரு டெஸ்ட் விளக்கை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சுவிட்சை நிறுத்தியும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், கரண்ட் அறுபட வேண்டிய இடத்தில் அறுபடவில்லை. முள் ஒட்டிக்கொண்டது, அல்லது ரிலே கெட்டது என்று பொருள்.

ஆனால் எப்போதும் ஒரே தவறான இடத்தில் நின்றால், மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். கரத்தைப் பிடித்திருக்கும் நட்டு தளர்ந்து, கரம் பல் தாண்டியிருக்கும். அல்லது ரிப்பேர் செய்தவர் கரத்தை வேறு பல்லில் மாட்டியிருப்பார். இது செலவில்லாத வேலை. கரத்தைக் கழற்றிவிட்டு, மோட்டாரை ஒரு முறை ஓடவிட்டு, வைப்பர் சுவிட்சால் நிறுத்த வேண்டும். மோட்டார் தன் கடைசி இடத்தில் வந்து நின்றுவிடும். அப்புறம் சாவியை எடுத்துவிட்டு, கரத்தைக் கண்ணாடியின் அடியில் படுக்கும்படி வைத்து, நட்டை முறுக்கினால் தீர்ந்தது. மெக்கானிக் கடைக்குப் போகும் முன் இது எந்த வகைக் கோளாறு என்று பார்த்து வைத்துக்கொண்டால், தேவை இல்லாமல் புது மோட்டார் வாங்க வேண்டி வராது.

ஒன்று மட்டும் செய்ய வேண்டாம். மழையில் கையை நீட்டி, வைப்பரைக் கீழே தள்ளாதீர்கள். உள்ளே இருக்கும் பல்சக்கரம் உடைந்துவிடும். கரண்ட் திடீரென்று வந்தால் விரலும் போய்விடும்.

கடைசி நாட்கள்

வயதான பிறகு மேரி கோடை காலத்தில் டென்னஸி மாநிலத்தில் உள்ள மான்டீகிள் என்னும் மலையூருக்குப் போய்த் தங்குவார். அங்கே அவருக்கு ஒரு வீடு இருந்தது. 1953-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி அந்த வீட்டில் அவர் காலமானார். வயது 87. அன்று புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடிதான் பறந்துகொண்டிருந்தது. அது இறங்க இன்னும் ஓர் ஆண்டும் 4 மாதமும் இருந்தன.

அவர் உடலைப் பர்மிங்காமுக்குக் கொண்டு வந்து, எல்ம்வுட் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். கடைசி வரை அவர் அந்த அடுக்குமாடி வீட்டின் நிர்வாகத்தை விடவில்லை. அதற்குள் அமெரிக்காவில் ஓடிய கோடிக்கணக்கான கார்களிலும் வைப்பர் வந்துவிட்டது. மழை நாளில் அவர் வீட்டுச் சன்னலுக்கு வெளியே, ஹைலண்டு அவென்யூவில், எத்தனையோ கார்கள் வைப்பரை ஆட்டிக்கொண்டு போயிருக்கும். ஓட்டியவர்களில் எத்தனை பேருக்கு அந்த மூதாட்டியைத் தெரிந்திருக்கும்?

அமெரிக்காவில் கண்டுபிடிப்பாளர்களைக் கௌரவிக்கத் தேசிய மண்டபம் ஒன்று இருக்கிறது. 2011-ம் ஆண்டு அங்கே மேரி ஆண்டர்சனின் பெயரைச் சேர்த்தார்கள். அவர் இறந்து அப்போது 58 ஆண்டுகள் ஆகியிருந்தன.